பேட்ரிக் மலையில் 15 சுற்று

மூட்டு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் "என் மகள் பேட்ரிக் மலை ஏறுவாள்" என்று அம்மா நேர்ந்துகொண்டுவிட்டார். நேர்ந்தது அவர், ஏற வேண்டியது நான்! அம்மா படித்தது பிரசென்டேஷன் கன்னியர் பள்ளியில். 1842-ல் அயர்லாந்திலிருந்து மதராசுக்கு வந்த சபை அது. அவருக்கு வேளாங்கண்ணி மாதாவுக்கு அடுத்தபடி அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக்தான்.

நான் டப்ளினில் நர்ஸ். மார்ச் 17 வந்தால் ஊரே பச்சைத் தொப்பியும் பீருமாக இருக்கும். அது புனிதரின் இறந்த நாள். 17-ஆம் நூற்றாண்டில் லூக் வாடிங் என்ற பிரான்சிஸ்கன் சாமியார் முயற்சி எடுத்துத் திருச்சபை நாட்காட்டியில் சேர்த்த திருநாள். 1903-ல் பொது விடுமுறையானது. தவக்காலத்துக்கு நடுவில் வந்தாலும் அன்று மட்டும் விரதத்துக்குத் தளர்வு உண்டு. ஒரு காலத்தில் அன்றைக்கு மதுக்கடைகளையே மூடிவைத்திருந்தார்கள் என்று சொன்னால் இன்றைய கூட்டம் நம்பாது.

அம்மாவின் நேர்த்திக்கடனுக்கு அந்த நாள் சரிப்படாது என்று ஜூலை கடைசி ஞாயிறு அந்த மலை இருக்கும் மேயோ மாவட்டத்துக்குப் போனேன். ஊர்க்காரர்கள் மலையை 'ரீக்' என்கிறார்கள், அந்த ஞாயிறை 'ரீக் சண்டே'. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு இதே சமயத்தில்தான் லூ என்ற பழைய ஐரிஷ் தெய்வத்துக்கு அறுவடை விழா. 441-ல் புனிதர் இந்த உச்சியில் 40 நாள் விரதமிருந்தார் என்பது மரபு.

முரிஸ்க் அடிவாரத்தில் கார் நிறுத்தக் காசு, கைத்தடிக்குக் காசு. "தடி இல்லாமல் போகாதே" என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். எரிச்சலோடுதான் வாங்கினேன். மேலே போனபோது அவரை மனதார வாழ்த்தினேன், அது வேறு விஷயம்.

உயரம் 764 மீட்டர்தான். ஆனால் கடைசிக் கூம்பு இருக்கிறதே, அது பாதையே இல்லை, சரளைக்கல் குவியல். ஓரடி வைத்தால் அரையடி கீழே வழுக்குகிறது. முன்னால் போகிறவர் காலிலிருந்து கல் உருண்டு வருகிறது. இறங்குகிறவர்களும் அதே வழியில் முட்டிக்கொண்டு வர, நம்மூர்த் திருவிழா நெரிசல் தோற்றது. மீட்புக் குழுவினர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். இதில் ஒரு பாட்டி வெறுங்காலோடு, ஜெபமாலையோடு என்னைத் தாண்டிப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

உச்சியில் மூடுபனி. 1905-ல் கட்டிய சிற்றாலயம் பத்தடிக்கு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. ஷூவைக் கழற்றினேன். ஏழு பரலோக மந்திரம், ஏழு அருள்நிறை மந்திரம், விசுவாசப் பிரமாணம், அப்புறம் ஆலயத்தை 15 சுற்று. எண்ணிக்கைக்குக் கூழாங்கற்களை கையில் வைத்துக்கொண்டேன். கல்லின் ஈரம் பாதத்தில் ஊசியாக ஏறியது.

ஒன்பதாவது சுற்றா, பத்தாவதா, அங்கேதான் புனித பேட்ரிக் நினைவு வந்தது. 16 வயதில் கடத்தி வந்து அடிமையாக்கப்பட்ட பையன். ஆறு வருஷம் மந்தை மேய்த்தபடி, பகலில் நூறு முறை, இரவிலும் ஏறக்குறைய அவ்வளவு முறை ஜெபித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். தப்பி வீடு போய்ச் சேர்ந்தவர், அடிமையாகக் கிடந்த நாட்டுக்கே மறுபடி வந்தார்! இந்த ஊரில் என் முதல் குளிர்காலத்தில், நைட் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாப்பில் நான் அழுததை அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐயா, உங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான் ஜெபித்தேன். மந்திரமெல்லாம் மறந்துபோய்க் கண்ணீர்தான் வந்தது. அம்மா நடக்கிறார் சாமி, மாடிப்படி ஏறுகிறார், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். கையிலிருந்த கற்கள் எப்போது விழுந்தன என்றே தெரியவில்லை.

உச்சியிலேயே இருக்கும் 'பேட்ரிக் படுக்கை' என்ற இடத்தையும் ஏழு முறை சுற்றிவிட்டுத் திருப்பலி கண்டேன். இறங்கும்போது பனி விலகி, கிளூ விரிகுடாவின் தீவுகள் இறைத்துவிட்ட மாதிரி கிடந்தன. 'மரியாள் கல்லறைத் தோட்டம்' என்ற இன்னொரு ஜெப ஸ்தலத்துக்குப் போகக் காலில் தெம்பில்லை. புனிதர் மன்னிப்பார்.

கீழே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். கால் எப்படியிருக்கிறது என்று கேட்பார் என்று பார்த்தால், "15 சுற்றும் சரியா முடிச்சியாம்மா?" என்றார்.

"16 இருக்கும்மா" என்றேன்.