கரண்ட் வைப்போம் என்றேன்

கோத்தகிரியில் பதினேழு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். கொழுந்து பறிக்கிறவர்களின் தோள்வலி, முதுகுவலி, பனிக்காலத்து மூட்டுப் பிடிப்பு, இவைதான் அன்றாடம். அந்த அண்ணன் வந்தது உள்ளங்கால் எரிச்சலுக்கு. அறுபது தாண்டியவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனால் பாதத்தின் ஓரத்தை ஊன்றித்தான் நடந்தார். கம்பளி பட்டாலே எரிகிறதென்று, இந்தக் குளிரிலும் காலை வெளியே நீட்டித்தான் தூங்குவாராம்.

"சரி, கரண்ட் வைப்போம்ணே" என்றேன். நாள் முழுக்க நாங்கள் சொல்லும் வார்த்தை. வலி குறைய, தோல் வழியாக லேசான மின்சாரம் செலுத்தும் டென்ஸ் மெஷினின் ஒயரை எடுத்துக்கொண்டு திரும்பினால் கட்டிலில் ஆள் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றார். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடிக் கிடந்தது, அவர் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார். எண்பதுகளின் தொடக்கத்தில், வவுனியாப் பக்கம் பிடித்து முகாமில் வைத்திருக்கிறார்கள். உள்ளங்காலில் குழாயால் அடி. அப்புறம் ஒயர். "கால் ஆறிடுச்சு தங்கச்சி. வலிதான் ஆறல."

உள்ளங்கால் அடியை ஃபலாங்கா என்பார்கள். குதிகாலுக்கு அடியில் சின்னச் சின்ன அறைகளாக ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது, நடையின் அதிர்வை அதுதான் தாங்கும். அடி விழுந்து அந்த அறைகள் கிழிந்தால் பழையபடி சேராது. எலும்பைப் பார்க்கும் எக்ஸ்ரேயில் இது தெரியவும் தெரியாது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. 1973 அரபு-இஸ்ரேல் போரில் சிறைபிடிக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்ட இஸ்ரேலிய வீரர்களை, சுமார் நாற்பது வருடம் கழித்து டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். பொதுவாக ஓரிடத்தில் வலி இருக்கும்போது இன்னோரிடத்து வலியை உடம்பே கொஞ்சம் அடக்கும். அவர்களுக்கு அந்த அடக்கும் திறன் குறைந்திருந்தது, திரும்பத் திரும்ப வரும் வலி மேலும் மேலும் ஏறியது. நம் மலைப்பாதையில் பிரேக் தேய்ந்த வண்டி இறங்குவதை நினைத்துக்கொண்டேன். அவர் 'ரொம்ப வலிக்குது' என்றபோதெல்லாம் மிகைப்படுத்துகிறார் என்று மனசுக்குள் நினைத்தவள் நான். அது இன்னமும் உறுத்துகிறது. படிக்கும்போது எந்த ஆசிரியரும் இதைச் சொல்லவில்லை. நானும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அந்த மெஷின் அலமாரிக்குள் இருக்கிறது. வாசல் தெரிகிற நாற்காலி அவருக்கு. வெந்நீர்த் துண்டை முதலில் என் கையில் சுற்றிக் காட்டுவேன், பிறகு அவரே காலில் வைத்துக்கொள்வார். போதும் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். எட்டு மாதம் ஆகிறது. மெல்லிய துப்பட்டியைக் காலில் போர்த்த முடிகிறதாம். கம்பளி இன்னும் முடியவில்லை.