துய்லெரியில் ஒரு கதிரை

பாரிஸுக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியும், நான் கோப்பை கழுவிய உணவகத்தின் குசினியும்தான். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே இரண்டு மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அறைக்குப் போய்த் திரும்ப அது காணாது. கூட வேலை செய்த அண்ணை ஒருவர், "தம்பி, துய்லெரிக்குப் போ. கதிரை சும்மா கிடக்கு, ஒருத்தரும் எழுப்பமாட்டினம்" என்றார்.

1664-இல் பதினான்காம் லூயி மன்னனுக்காக லெ நோத்ர் என்ற தோட்டக் கலைஞர் திருத்தியமைத்த தோட்டம் அது. வட்டத் தடாகத்தைச் சுற்றிப் பச்சை இரும்புக் கதிரைகள். எண்கோணத் தடாகத்துப் பக்கம் செய்ன், மார்ன் நதிகள் மனித உருவில் கல்லாய்ச் சாய்ந்திருக்கும். பக்கத்திலிருந்த துய்லெரி அரண்மனை 1871-இல் எரிந்துபோனது, தோட்டம் மிஞ்சியது.

பிறகு விசா சரியாகி, ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் தங்கச்சியிடம் போனபோது, அஷ்மோலியன் அருங்காட்சியகச் சுவரில் அதே தோட்டம். 1899-இல் கமில் பிசாரோ வரைந்த மழைநாள் துய்லெரி. நனைந்த தரையில் வானத்தின் சாம்பல் வெளிச்சம் ஊறிக் கிடந்தது. நான் வெகுநேரம் நகரவில்லை.

பிசாரோவுக்குக் காற்றும் தூசியும் ஆகாத கண்நோய். அதனால் ரிவோலி வீதி 204-ஆம் இலக்கத்தில் வீடெடுத்து, ஜன்னலடியிலிருந்தே இந்தத் தோட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். பனிக்காலம், வசந்தம், மழை என்று ஒரு தொடரே இருக்கிறது. அரசர்கள் பெருமைக்கு வைத்த சிலைகள் அந்த உயரத்திலிருந்து வெறும் வெள்ளைப் பொட்டுகள். நடந்துபோகிற சனமும் அதே அளவு பொட்டுத்தான். ஒருவருக்கும் கூடுதல் இடம் கொடுக்கவில்லை. கிராமத்து ஓவியர் என்றே அவரைப் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு இந்தக் கடைசிக்கால நகர ஓவியங்கள்தான் உயர்வு.

அவர் யாரென்று தேடி வாசித்தது அப்புறம்தான். கரிபியனில், அன்று டென்மார்க்கின் கீழிருந்த செயின்ட் தோமஸ் தீவில் 1830-இல் பிறந்தவர். 1870-இல் பிரான்ஸுக்குள் பிரஷ்ய (ஜெர்மானிய) படை வந்தபோது குடும்பத்தோடு லண்டனுக்குத் தப்பினார். பாரிஸுக்குப் பக்கத்து ஊரான லூவ்சியனில் இருந்த தன் வீட்டில் விட்டுப்போன ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது. அதற்குப் பிறகும் திரும்பி வந்து, சாகும்வரை பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காமலே, பாரிஸை இவ்வளவு அன்போடு வரைந்திருக்கிறார். வீட்டை விட்டு ஓடி வந்தவனுக்கு இது எவ்வளவு தெம்பு!

அதே தொடரில் குளிர்கால மத்தியானம் ஒன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதையும் நேரில் பார்த்துவிட வேண்டும்.