ஏ> என்ற குறிக்குப் பின்னால்

இயங்குதளம் என்றால் என்ன என்று கணினியைப் புதிதாகப் பழகுபவர்களிடம் கேட்டால், பெரும்பாலோர் திரையில் தெரிவதைத்தான் காட்டுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். வன்தட்டு இல்லாத, இரண்டு ஃபிளாப்பி டிரைவ்கள் மட்டுமே கொண்ட ஒரு கணினியில் எம்எஸ்-டாஸ் என்ற இயங்குதளத்தைப் பழகியவன் நான். கறுப்புத் திரையில் ஏ> என்ற குறி வந்து, அதன் அருகே கர்சர் மின்னத் தொடங்கினால் டாஸ் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே அந்தக் குறிதான் டாஸ் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் சொற்செயலியில் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து சேமித்துவிட்டு வெளியே வந்தபோது அந்தக் குறி வரவில்லை. கமாண்ட்.காம் உள்ள வட்டை ஏ டிரைவில் செருகி, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லும் ஆங்கில வரி ஒன்று வந்து நின்றது. கணினி அணையவில்லை, மின்சாரமும் போகவில்லை. காலையில் ஒருமுறை ஏற்றிய டாஸை மறுபடியும் ஏன் கேட்கிறது என்பது எனக்கு விளங்கவே இல்லை.

விடை நினைவகத்தின் பஞ்சத்தில் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் பிசியின் அடிப்படை மாதிரியில் இருந்த நினைவகம் 16 கிலோபைட்தான். ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட வேண்டிய அந்த நிலையில், பயனர் தட்டும் கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிரலான கமாண்ட்.காம் இரண்டு துண்டுகளாக நினைவகத்தில் அமர்ந்தது. சிறிய துண்டு கீழ்ப்பகுதியில் நிரந்தரமாக இருக்கும். பெரிய துண்டு மேல்முனையில் இருக்கும். வேறு பெரிய நிரல் ஓடும்போது கட்டளைகளைப் படிக்க ஆளே தேவையில்லை என்பதால், அந்த நிரல் இதன் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். நிரல் முடிந்ததும் சிறிய துண்டு ஒரு கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு, மேலே இருந்தது அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கும். அழிந்திருந்தால் வட்டிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ளும். அன்று என் ஏ டிரைவில் சொற்செயலியின் வட்டு இருந்ததால் அதற்கு வழியில்லாமல் என்னிடம் கேட்டது.

இந்த ஏற்பாடு டாஸுக்கே உரியதும் அன்று. கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திலேயே கட்டளை படிக்கும் பகுதி, கோப்புகளை நிர்வகிக்கும் பகுதி, வன்பொருளோடு பேசும் பகுதி என்று மூன்றும் தனித்தனியாக இருந்தன; அங்கேயும் முதல் பகுதியின் இடத்தை மற்ற நிரல்கள் எடுத்துக்கொள்ள முடிந்தது. சிபி/எம்மைப் பின்பற்றி டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதுவே எம்எஸ்-டாஸ் ஆனது.

ஆக, ஏ> என்ற குறியைக் காட்டுவது இயங்குதளத்தின் மேல் ஓடும் இன்னொரு நிரல்தான். யூனிக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தின் உலகில் இது இன்னும் தெளிவு: கட்டளை படிக்கும் நிரலுக்கு ஷெல், அதாவது ஓடு, என்றே பெயர். அது சாதாரண நிரல்களில் ஒன்று என்பதால் விரும்பாதவர்கள் வேறொன்றை எழுதிக்கொண்டார்கள். ஸ்டீஃபன் போர்னின் ஷெல்லும் பில் ஜாயின் சி ஷெல்லும் அப்படிப் பிறந்தவையே. டாஸிலும், அது தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் கமாண்ட்.காமுக்குப் பதிலாக வேறொரு நிரலை அமர்த்தலாம்.

இதை அறிந்த பிறகு, தினமும் பார்த்துச் சலித்திருந்த ஒரு பிழைச்செய்தி எனக்குப் புதிதாகப் புரிந்தது. எதையாவது பிழையாகத் தட்டினால் "தவறான கட்டளை அல்லது கோப்புப் பெயர்" என்ற பொருளில் டாஸ் ஒரு வரி காட்டும். நான் கட்டளையைத்தானே தட்டினேன், கோப்புப் பெயர் எங்கிருந்து வந்தது? தட்டிய சொல்லை கமாண்ட்.காம் முதலில் தனக்குள்ளேயே தேடுகிறது. டிர், காப்பி, டெல் போன்றவை அதற்குள் அடங்கியவை. அங்கே இல்லையென்றால் அதே பெயரில் .காம், .எக்ஸ்இ, .பேட் என்று முடியும் கோப்பு வட்டில் இருக்கிறதா என்று அந்த வரிசையிலேயே பார்க்கிறது. இரண்டு இடத்திலும் தேடித் தோற்ற பிறகு, தேடிய இரண்டையும் அந்த வரியில் சொல்லிவிடுகிறது. தான் என்ன செய்தது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் பிழைச்செய்திகளை நான் அதிகம் கண்டதில்லை.

கமாண்ட்.காமுக்கு வட்டைப் பற்றி எதுவும் தெரியாது என்பதும் முக்கியமானது. கோப்பை அழிக்க டெல் என்று தட்டினால், அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் கோரிக்கை வைக்கிறது, அழிப்பது கெர்னல். அழிப்பது என்ற சொல்லும் இங்கே மிகை. கோப்பகத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் கொண்ட ஒரு பதிவு இருக்கும். அதன் முதல் பைட்டில், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில், 229 என்ற எண் எழுதப்படுகிறது. கோப்பு பிடித்திருந்த இடங்கள் காலி என்று ஒதுக்கீட்டு அட்டவணையில் குறிக்கப்படுகின்றன. உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை.

1991-இல் எம்எஸ்-டாஸ் 5.0 வந்தபோது அதில் அன்டெலீட் என்ற கட்டளையும் இருந்தது. லெட்டர் என்ற பெயரில் நான் வைத்திருந்த கடிதத்தை அழித்துவிட்டு அதை இயக்கிப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியைக் காட்டி, அந்த எழுத்து என்ன என்று என்னிடமே கேட்டது. அந்த எழுத்தின் மேல் 229 எழுதப்பட்டுவிட்டதால் அதற்கு அது தெரிய வழியில்லை. எல் என்பதற்குப் பதிலாக வேண்டுமென்றே பி விசையை அழுத்தினேன். மறுப்பேதும் சொல்லாமல் பெட்டர் என்ற பெயரில் ஒரு கோப்பு கோப்பகத்தில் வந்து அமர்ந்தது. திறந்து பார்த்தால், உள்ளே என் கடிதம் ஒரு வரி குறையாமல் இருந்தது.