டன்ஸ்டபிளில் இரண்டு மழைக்கு நடுவே ஒரு பறப்பு

சனிக்கிழமை கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானத்தில்) பறந்தேன், ஆனால் வானம் விட்ட நேரத்தில் மட்டும். லண்டன் கிளைடிங் கிளப்பின் ஓடுதளம் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் டவுன்ஸ் குன்றின் அடியிலேயே இருக்கிறது, காலையில் அந்தக் குன்றின் உச்சியே தெரியவில்லை, மேகம் அவ்வளவு தாழ்வு. தரையில் நிற்கும் வின்ச் கேபிளைச் சுருட்டி இழுத்துவிட்டால் கிளைடர் அரை நிமிடத்தில் ஆயிரம் அடியைத் தாண்டிவிடும், மேகத்துக்குள் யார் அனுப்புவார்கள்?

மதியத்துக்குள் கோல்ட் ஃப்ரண்ட் (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) கடந்துவிடும் என்று வானிலை அறிக்கை சொன்னபடியே ஒரு மழை சடசடவென்று அடித்து ஓய்ந்தது. தென்மேற்குக் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. விப்ஸ்னேடில் சுண்ணாம்புச் சரிவில் வெட்டிய வெள்ளைச் சிங்கம்கூடப் பளிச்சென்று தெரிந்தது. சரி, காற்று மாறினால் வின்சையும் கிளைடர்களையும் இடம் மாற்ற வேண்டும், அதிலேயே நிறைய நேரம் போய்விட்டது. அப்புறம் இறக்கையின் முன்விளிம்பைத் துணியால் துடைத்தோம். துளிகள் ஒட்டியிருந்தால் காற்றோட்டம் கெட்டு, கிளைடர் சீக்கிரம் உயரம் இழக்கும், ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகமும் கூடும், அதனால் இதை நான் ஒருபோதும் அவசரமாகச் செய்வதில்லை.

ஏஎஸ்கே 21 என்ற இரண்டு சீட் கிளைடர், பின் சீட்டில் இன்ஸ்ட்ரக்டர். வின்ச் இழுப்பின் உச்சியில் மஞ்சள் குமிழை இழுத்துக் கேபிளை விட்டதும் நேராகக் குன்றுக்குப் போனோம். மேற்கு பார்த்த அந்தச் சரிவில் மோதும் காற்று மேலே எழும்புகிறது, மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பி வைத்தபடி சரிவோடு போய், திரும்புவதெல்லாம் குன்றுக்கு வெளிப்பக்கமாகவே திரும்பி வந்தால் உயரம் குறையவே இல்லை. எதிரே ஒரு கிளைடர் வந்தது. குன்று எங்களுக்கு இடப்பக்கம் இருந்ததால் விலக வேண்டியது நாங்கள்தான், வலப்பக்கம் விலகினேன், இன்ஸ்ட்ரக்டர் ஸ்டிக்கைத் தொடவில்லை. இதுவரை கற்றதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இந்த ரிட்ஜ் பறப்புதான்.

வடமேற்கில் ஒரு மேகத்தின் அடி கறுத்து, கீழே மழைத்திரை தொங்க ஆரம்பித்ததும் இன்ஸ்ட்ரக்டர் “இப்பவே இறங்கலாம்” என்றார். மழைக்கு முன்னால் ஓடிவரும் குளிர்காற்று, தரையிறங்கும் நேரத்தில் திசையையே புரட்டிவிடும். கூடுதல் வேகத்தோடு வந்து, ஏர்பிரேக்கைத் திறந்து இறங்கினோம். காற்றில் கிளைடர் புரளாமல் இருக்க இறக்கை நுனியில் டயர் வைத்துக் கட்டி முடிப்பதற்குள் மழை கொட்டியது.

அதற்குப் பிறகு வெயில் வரவில்லை. மேகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கூரை போட்டுவிட்டன, தெர்மல் (வெயிலில் சூடாகி மேலெழும் காற்று) செத்தது, மாலை வரை மற்றவர்களுக்குக் கிடைத்தது சின்னச் சின்னச் சுற்றுகள்தான். அடுத்த முறை எனக்குக் கேபிள் அறுந்தால் இறங்கும் பயிற்சி. அதற்குத் தெர்மல் தேவையில்லை, மேகத்தின் அடி கொஞ்சம் உயர்ந்து, காற்று நிதானமாக அடித்தால் போதும்.