பையன் சாப்பிடவே மாட்றான்னு கணக்கு போட்டுப் பாத்தேன்

ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்ல அந்தப் பக்கம் ஜூரோங்லேருந்து வந்த மாமியார் பையனைப் பாத்ததுமே "என்னம்மா, புள்ள ஈர்க்குச்சியாட்டம் இருக்கான், சோறு போடுறியா இல்லியா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, அவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேணும்னு பாக்க போன்ல கால்குலேட்டரத் தொறந்தேன்.

அவனுக்கு 7 வயசு, 21 கிலோ. சும்மா படுத்துக் கெடந்தாலே மூச்சு விட, இதயம் துடிக்க உடம்பு செலவு பண்ணுதில்ல, அதுக்கு உலக சுகாதார நிறுவனத்தோட 1985 ஃபார்முலா ஒண்ணு இருக்கு, 3லேருந்து 10 வயசு வரைக்கும் பசங்கன்னா எடையை 22.7ஆல பெருக்கி 495 கூட்டணும், பொண்ணுங்கன்னா 22.5, 499. இவனுக்கு 972 கலோரி வந்துச்சு. இதை எவ்ளோ ஓடியாடுறான்ங்கறத வச்சு மறுபடி பெருக்கணும், உக்காந்தே இருக்குறதுக்கு 1.4, ஆட்டம் போடுறதுக்கு 1.8ன்னு வச்சுக்கலாம். இங்கதான் மாட்டிக்கிட்டேன். டியூஷன் நாள்ல அசையவே மாட்டான், சனிக்கிழமை புளோக்குக்குக் கீழ பந்தை எடுத்தா ரெண்டு மணி நேரம் ஆள் வரமாட்டான். சரி 1.5ன்னு போட்டேன், 1458. ஆனா 1000த்தோட வயசுக்கு நூறு கூட்டுன்னு இன்னொரு சுலபக் கணக்கு இருக்கே, அதுல 1700! வித்தியாசமே 240, கிட்டத்தட்ட ஒரு பரோட்டா.

இதுல இன்னொரு கூத்து, காலைல சீரியல் டப்பால 630ன்னு இருந்துச்சு, ஐயோ ஒரு கிண்ணத்துக்கு 630 கலோரியான்னு பதறிட்டேன், அப்புறம் பாத்தா அது ஆஸ்திரேலியா டப்பா, கலோரிக்குப் பதிலா கிலோஜூல்ங்கற வேற அளவுல போட்ருக்கான். 4.2ஆல வகுத்தா வெறும் 150.

குழந்தையா இருந்தப்ப அப்படி குடிச்சானேன்னு எனக்கும் கவலைதான். ஆனா மொத மூணு மாசம் சாப்பிடுறதுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வளர்றதுக்கே போயிடுமாம், இந்த வயசுல அது ஒண்ணு ரெண்டு சதவீதம்தான். அப்ப பசி கொறையத்தானே செய்யும்? அதுவும் ஒரு நாள் ஸ்கூல் ரிசெஸ்ல வாங்குனதையே முடிக்க மாட்டான், மறுநாள் டேக்கா மார்க்கெட்ல மூணு பரோட்டா உள்ள போகும், ஒரு நாளை மட்டும் வச்சு கணக்கு பாத்தா பைத்தியம்தான் புடிக்கும்.

கடைசில அவன் பொறந்ததுலேருந்து எடை, உயரம் குறிச்சு வச்சிருக்குற ஹெல்த் புக்லெட்டத்தான் எடுத்தேன். மூணு வயசுலேருந்து எடை வரைபடத்துல 25ஆவது கோட்ட (அதே வயசுப் பசங்க நூறு பேர எடைப்படி கம்மிலேருந்து நிறுத்துனா 25ஆவது ஆளு) ஒட்டியேதான் போறான், எங்கயும் கீழ எறங்கல. மாமியார்கிட்ட காட்டுனேன், கண்ணாடி போட்டுப் பாத்துட்டு "கோடு கெடக்குது, சோத்துல நெய் ஊத்து"ன்னாங்க. ஊத்துனேன். ஒரு டீஸ்பூன், 45 கலோரி.