அரை மில்லிமீட்டர் திருத்தம்

அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் எங்கள் மேலதிகாரி மூன்றாம் மண் மாதிரியின் சுமை வளைகோட்டில் விரலை வைத்து, "இங்க எதுக்குத் திருத்தம்?" என்றார். "மேல்பரப்பு சமமா இல்ல சார்" என்றேன். "பார்த்தீங்களா?" "வளைகோட்டுலயே தெரியுது சார்." அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டுவிட்டார். சிபிஆர் சோதனை (சாலை, தளங்களின் அடிமண் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது) செய்து பழகியவர்களுக்கு என் பதிலில் உள்ள ஓட்டை உடனே தெரியும்.

ஒரே மண், மூன்று அச்சுகள், தண்ணீரில் நான்கு நாள் ஊறல். முதல் இரண்டின் சிபிஆர் 5.1, 5.2 சதவீதம். மூன்றாவதில் பிளஞ்சர் (மண்ணுக்குள் அழுத்தும் உருளைத் தண்டு) 0.5 மி.மீ. இறங்கியபோது சுமை வெறும் 4 கிலோ. 1.0-ல் 15, 1.5-ல் 31, 2.0-ல் 47, 2.5-ல் 62. அதன் பிறகு 4.0-ல் 93, 5.0-ல் 105. 2.5 மி.மீ.-ன் 62-ஐ, அதே இறக்கத்துக்கு உடைகல்லுக்கு வேண்டிய நியமச் சுமையான 1370-ஆல் வகுத்தால் 4.5 சதவீதம், மூன்றின் சராசரி 4.9. கனரக வண்டிகள் நிற்கும் தளத்துக்கு வடிவமைப்பு கேட்டிருந்தது 5.

தொடக்கத்தில் கோடு மேல்நோக்கிக் குழிந்தால் பூஜ்யத்தைத் திருத்த வேண்டும் என்பது முறைதான். செங்குத்தான பகுதிக்குத் தொடுகோடு வரைந்தேன். அது வரைபடத்தின் அடிக்கோட்டை (சுமை பூஜ்யம்) 0.5 மி.மீ.-ல் வெட்டியது, அதுவே புதிய பூஜ்யம். ஆகவே 2.5-க்குப் பதில் 3.0-ல் படிக்க வேண்டும். 2.5-க்கும் 4.0-க்கும் நடுவே அளவீடே எடுப்பதில்லை. கையால் வரைந்த கோட்டில் 75 கிலோ என்று படித்தேன், 5.5 சதவீதம். இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைத்திருந்தால் 5.3 வந்திருக்கும். தொடுகோடு 0.2-ல் வெட்டியிருந்தால் 4.9. இவ்வளவும் பென்சில் நுனியில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. திருத்தாமல் விட்டால் 5 மி.மீ. மதிப்பு (105-ஐ அங்குள்ள நியமச் சுமை 2055-ஆல் வகுக்க 5.1) 2.5-ன் மதிப்பைவிட அதிகம். அப்படி வந்தால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். திரும்பவும் அதே போல வந்தால் 5 மி.மீ. மதிப்பையே எடுத்துக்கொள்ளலாம். எப்படிப் போனாலும் 5-க்கு மேல்தானே என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டதுண்டு. ஆனால் அந்தச் சலுகை இரண்டாம் முறை செய்தவர்களுக்கு. என் திருத்தம் முரணையே மறைத்துவிட்டது: 5.5-க்கு எதிரே 5.3. எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததால் மறுசோதனைக்கான கேள்வியே எழவில்லை.

முறையில் இந்தத் திருத்தத்துக்கு இடம் இருப்பது, மண்ணுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களுக்காக: பிளஞ்சர் சரியாகப் பதியாதது, மேல்பரப்பு மேடுபள்ளமாக இருப்பது. பிளஞ்சர் மண்ணில் பதிய முதலில் 4 கிலோ பதிசுமை வைத்து டயலைப் பூஜ்யமாக்குவதும் அதற்காகவே. ஆனால் ஊறிய மண்ணின் மேல்தோல் உண்மையிலேயே இளகியிருந்தாலும் கோடு இதே போலத்தான் குழியும். கோட்டை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரிக்க ஒரு வழி உண்டு: பிளஞ்சரை எடுத்ததும் மேல் 30 மி.மீ. மண்ணைச் சுரண்டி ஈரப்பதம் பார்ப்பது. அடுத்த தொகுதிக்கு அச்சு தேவைப்பட்டது. நான் கேட்பதற்குள் மண் மொத்தமாக வெளியே தள்ளப்பட்டுக் கலந்துவிட்டது.

மற்ற இரண்டு கோடுகளும் நேராக எழுந்தன, மண் இளகியிருந்தால் மூன்றுமே குழிந்திருக்காதா? இந்த வாதத்தை நான் பல நாள் நம்பினேன். பிறகு வீக்கப் பதிவைப் புரட்டினேன். 127 மி.மீ. உயரத்தில் முதல் இரண்டும் 1.9 மி.மீ. வீங்கியிருந்தன, மூன்றாவது 2.9. ஊறும்போது மண்ணின் மேல் வைக்கும் 2.5 கிலோ எடைத்தட்டுகளில் ஒன்று குறைந்திருந்தால்கூட அப்படி வீங்கும். அப்படியானால் தோல் இளகியது நிஜம், அது எங்கள் தவறால் இளகியது. அப்போது செய்ய வேண்டியது மாதிரியைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஊறவைப்பது. இன்னும் நான்கு நாள்.

சிபிஆர் மண்ணின் குணம் அல்ல, ஓர் ஒப்பீடு. 1920-களின் இறுதியில் கலிஃபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் உருவாகி, இரண்டாம் உலகப் போரில் விமானத் தளங்களுக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்ட முறை இது. உடைகல்லில் அதே பிளஞ்சரை அதே வேகத்தில் இறக்கினால் வேண்டிய சுமையோடு நம் மண்ணை ஒப்பிடுகிறோம், நிமிடத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில். செய்முறையை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு வேறு ஆதாரமே இல்லை. அதனால்தான் "முறைப்படிதான் திருத்தினேன்" என்பது எனக்குப் போதவில்லை. திருத்தம் முறையில் இருந்தது, அதற்கான காரணம் என்னிடம் இல்லை.

ஆனாலும் 5.5 தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. அச்சின் விளிம்பிலிருந்து நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததா என்று அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். இப்போது எடைத்தட்டைத் தூக்கியதும் அதைச் செய்கிறேன்; மேல் மண்ணை டப்பாவில் போட்டு மூடும்வரை அச்சை யாரையும் தொட விடுவதில்லை. படிவத்தில் திருத்தத்தின் அளவுக்குக் கட்டம் உண்டு, காரணத்துக்கு இல்லை. ஓரத்தில் எழுதிவைக்கிறேன். அந்த மூன்றாம் மாதிரியின் தாளில் மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.