மாத்திரை வந்தது, ரத்தப் பரிசோதனை வரவில்லை

இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் மருந்துச் சீட்டில் ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் ஆல்டாக்டோன் 25 என்று எழுதியிருக்கும். பழைய மாத்திரை, விலையும் குறைவு. 1999-ல் ரேல்ஸ் ஆய்வு வெளிவந்த பிறகுதான் இதற்கு மவுசு கூடியது. 15 நாடுகளில் 1663 நோயாளிகள், எல்லோருமே நோய் முற்றியவர்கள். சராசரியாக இரண்டு வருடத்தில் வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், இதைச் சாப்பிட்டவர்களில் 35 சதவீதம் பேர். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் எழுத ஆரம்பித்தோம், அதில் தப்பே இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதற்கப்புறம் என்ன ஆனது என்று 2004-ல் ஒரு கணக்கு வந்தது. 66 வயதும் அதற்கு மேலும் உள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகளில், 1994-ல் ஆயிரத்துக்கு 34 பேருக்கு எழுதப்பட்ட இந்த மருந்து, 2001-ன் கடைசியில் 149 பேருக்கு எழுதப்பட்டது. சரி, நல்ல செய்திதானே என்றால், இந்த மாத்திரை உடம்பில் நிறுத்திவைக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் அதே காலத்தில் ஆயிரத்துக்கு 2.4-லிருந்து 11 ஆகிவிட்டார்கள். அதோடு தொடர்புள்ள சாவுகள் 0.3-லிருந்து 2 ஆகின. பொட்டாசியம் கட்டுமீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகி நின்றுபோகலாம். இதயத்தைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து!

ரேல்ஸில் இவ்வளவு சிக்கல் ஏன் வரவில்லை? அங்கே நோயாளிகளின் சராசரி வயது 65. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.5-ஐயோ பொட்டாசியம் 5-ஐயோ தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. முதல் மூன்று மாதம் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் இடைவெளி விட்டுத் தொடர்ந்தார்கள், பொட்டாசியம் ஏறினால் அளவைக் குறைத்தார்கள். ரேல்ஸில் சாவு எண்ணிக்கையில் தெரிந்த அந்த 11 சதவீத வித்தியாசம் மாத்திரையும் கண்காணிப்பும் சேர்ந்து கொடுத்தது என்பதுதான் என் வாதம். நாம் ஆய்விலிருந்து மாத்திரையை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டோம்.

என் வெளிநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, சர்க்கரை இருபது வருடமாக, கிரியாட்டினின் 1.8, ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், அதுவும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கிற மருந்துதான். "முட்டுவலிக்கு ஏதாவது போடுறீங்களாம்மா?" என்று கேட்டால், மஞ்சப்பையைத் துழாவி, பாதி கத்தரித்த அட்டை ஒன்றை எடுத்து நீட்டுவார். "கடைக்காரத் தம்பி குடுத்தது சார், போட்டா நல்லா கேக்குது." டைக்ளோஃபினாக். சிறுநீரகத்தையும் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும். வெயிலுக்குத் தினம் ஒரு இளநீர் வேறு, அதிலும் பொட்டாசியம். பிபிக்கு நல்லது என்று மகன் வாங்கித் தந்த சோடியம் குறைந்த உப்பு, அதில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். ஆய்வில் யாரும் இவரை நினைத்துப் பார்க்கவில்லை. ரேல்ஸ் காலத்தில் இதயத் துடிப்பைத் தணிக்கிற பீட்டா பிளாக்கர் எடுத்தவர்கள் பத்தில் ஒருவர்தான், இன்று ஏறக்குறைய எல்லோரும் எடுக்கிறார்கள், அதுவும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியதுதான்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. பயந்துபோய் எழுதாமலே விடுகிற டாக்டர்களையும் பார்க்கிறேன், அதனாலும் உயிர்கள் போகின்றன, ஆனால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியிலும் ரேல்ஸுக்குப் பிறகு இந்த மருந்தின் பயன்பாடு ஏறத்தான் செய்தது. ஆனால் அங்கே ரத்தப் பரிசோதனைகளும் கூடவே ஏறின. பொட்டாசியத்தால் ஆஸ்பத்திரியில் சேர்வது கூடவில்லை என்று 2010-ல் எழுதினார்கள்.

நான் இப்படிப்பட்டவர்களுக்கு அரை மாத்திரையில்தான் ஆரம்பிக்கிறேன். ஒரு வாரத்தில் ஒருமுறை, நாலாவது வாரம் ஒருமுறை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு பஸ் மாறி என்னிடம் வர வேண்டாம், ஊரிலேயே லேபில் கொடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் பேரன் அனுப்பினால் போதும். வாந்தி, பேதி என்று படுத்தால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு போன் பண்ணச் சொல்லி, சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.